மாமாவின் காரும் தேய்ந்த பெடல் ரப்பரும்

என் மாமனாரின் காரை நான் ஓட்டத் தொடங்கியபோது அதன் பிரேக் பெடலில் ரப்பர் பாதிதான் இருந்தது. வலப்பக்க ஓரம் தேய்ந்து அழிந்து, உள்ளே இருந்த இரும்புத் தகடு ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. மீதி ரப்பரிலும் வரிகள் மறைந்து, நனைந்த சோப்புக் கட்டி மாதிரி ஆகியிருந்தது. கிளச் பெடலின் ரப்பர் அவ்வளவு தேயவில்லை. ஆனால் தளர்ந்து போய், மிதிக்கும்போதெல்லாம் ஒரு பக்கமாக நகரும். ஒவ்வொரு முறையும் காலாலேயே அதைத் தள்ளி நேராக்கிக்கொள்ள வேண்டும்.

மாமா ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் நடுவில், தோட்டத்து எல்லையை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார். மாமி, நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். என் கணவருக்குக் கத்தாரில் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆக அந்த வீட்டில் மாமாவும் நானும் மட்டும். நான் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன்.

மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் மாதம் பஸ்ஸில் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது அவருக்குத் தலை சுற்றும், நிற்க முடியாது. ஒரு நாள் ஹாலிஎலயில் பாதி வழியில் இறக்கி, மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் படுக்க வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அன்றைக்குக் கணவர் போனில் சொன்னார்.

"கார் சும்மாதான நிக்குது. ஒனக்கு லைசன்ஸ் இருக்கு. நீயே ஓட்டிட்டுப் போயேன்."

லைசன்ஸ், ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது தோழிகளோடு சேர்ந்து விளையாட்டாக எடுத்தது. அதற்குப் பிறகு எந்த வாகனத்தையும் தொட்டதில்லை. அந்தக் காரையோ மாமாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. பழைய ஜப்பான் கார். இருபத்திரண்டு வருடங்களாக அவர் ஒருவரின் கால் மட்டும் பட்டது. பெற்ற மகனைக்கூட ஓட்ட விட்டதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, ஒரே நாளில் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட முச்சக்கர வண்டியில்தான் போனார். ஆனால் நோய் முற்றும்வரை சனிக்கிழமைதோறும் காரை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விட்டுவிட்டு அணைப்பார்.

வேறு வழியில்லாமல்தான் எனக்குச் சாவியைத் தந்தார். நான் ஓட்டப் பழகிய முதல் இரண்டு வாரங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சு, தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து தொழிலாளர்களிடம் பேசிய பேச்சு. "கியர மாத்து." "ஏன் இவ்வளவு ஓரமா போற?" "ஹோர்ன் அடி, வளைவு வருதுல்ல." நான் சொன்னபடி செய்வேன். வண்டி அவருடையது, வீடு அவருடையது, நோயும் அவருடையது. எனக்கென்று இருந்தது பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதிலும் ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு போட்டிருந்தேன்.

என் வாரம் இரண்டு நாட்களாகச் சுருங்கிவிட்டது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் போவதற்கான ஆயத்தம். புதன்கிழமையும் சனிக்கிழமையும் அவர் எழும்ப முடியாத நாட்கள். குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்க வேண்டும். மெஷினில் இருக்கும் நாலு மணி நேரமும் நான் ஆஸ்பத்திரிக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்திருப்பேன். முதலில் புத்தகம் கொண்டு போனேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம், "பெத்த மக கூட இப்பிடிப் பாக்காதும்மா" என்றார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கேட்கும்போது, தண்டனையில் இன்னும் இரண்டு வருடம் கூடிவிட்டது போல இருக்கும் எனக்கு.

அக்டோபர் கடைசியில் கல்விப் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. ஜனவரியில் முதலாம் தவணை தொடங்கும் நாளில் வேலைக்குத் திரும்பாவிட்டால், பதவியை விட்டு விலகியதாகக் கருதப்படும் என்று இருந்தது. வாசித்துவிட்டு மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பெடல் ரப்பரைப் பற்றி மட்டும் ஒரு தடவை கேட்டேன்.

"மாமா, பிரேக் ரப்பர் தேஞ்சு போச்சு. பண்டாரவளையில ஒன்னு வாங்கி மாட்டிறட்டா?"

"எதுக்கு?"

"கால் வழுக்குற மாதிரி இருக்கு."

"நான் இத்தன வருஷம் மிதிச்ச பெடல். ஒழுங்கா மிதிச்சா ஏன் வழுக்கப் போகுது? நீ நுனிக்கால்ல மிதிக்கிற." கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, "அதுல ஒன்னும் கை வைக்காத" என்றார்.

நான் கை வைக்கவில்லை. ரப்பர் துண்டு ஒன்றுக்காக அவரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு இல்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் நான் அந்த வீட்டில் எதற்குமே மல்லுக்கு நின்றதில்லை.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் தொடங்கிய மழை விடியும்போதும் விடவில்லை. வீட்டிலிருந்து காருக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்ததில் என் செருப்பு சேறும் தண்ணீருமாகிவிட்டது. காருக்குள் இருந்த கால்மிதியில் தேய்த்துவிட்டு உட்கார்ந்தேன். தெமோதரையைத் தாண்டி ஹாலிஎலப் பக்கம் இறங்கும்போது அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில், எதிரே ஏறி வந்த பஸ் ஒன்று, மரக்கறி லொறியை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது.

பிரேக்கை அழுத்தினேன். ஈரச் செருப்பு அந்த வழவழப்பில் வலப்பக்கமாகச் சறுக்கி, தகட்டைத் தாண்டி எக்சிலேட்டரில் போய் விழுந்தது. நிற்க வேண்டிய கார் முன்னால் பாய்ந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பஸ் ஹோர்ன் அடித்தபடி உரசாமல் போனது. எங்கள் காரின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் மலையோரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்கி, கார் சாய்ந்து, மண்மேட்டில் போய் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் அணைந்துவிட்டது. கானில் மழைத்தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் எங்களுக்குக் கீழே கேட்டது. பஸ்ஸும் லொறியும் நிற்காமல் போய்விட்டன.

"மாமா, அடிபட்டுச்சா?"

"இல்ல."

அவர் பக்கத்துக் கதவு மண்மேட்டில் அழுந்தியிருந்தது, திறக்க வழியில்லை. என் பக்கத்துக் கதவு மேலே தூக்கியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளித் திறந்து, ஒரு காலை ரோட்டில் ஊன்றி எப்படியோ வெளியே வந்துவிட்டேன். அவரால் அப்படி வர முடியாது. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கியர் கம்பியைத் தாண்டி, மேட்டில் ஏறுவது போல என் சீட்டில் ஏறித்தான் அவர் வர வேண்டும். போனை எடுத்துப் பார்த்தேன். அந்த வளைவில் சிக்னல் இல்லை. கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம் என்று கதவை விட்டேன். சாய்வில் அது தன் பாரத்திலேயே சரிந்து மூடப் போனது.

"கதவ சாத்தாதம்மா" என்றார் மாமா.

அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் நடந்து போயி போன் எடுத்துப் பாக்குறேன் மாமா. அஞ்சு நிமிஷம்."

"வேணாம். கதவ மட்டும் சாத்தாத. மூச்சு முட்டுது."

கதவை முதுகால் தாங்கிக்கொண்டு ரோட்டில் நின்றேன். மழை தலையிலிருந்து கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. எனக்கு முன்னால் ரோடு இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. ஒரு பக்கம் பதுளை, மறுபக்கம் பண்டாரவளை. பண்டாரவளைக்குப் போகும் பஸ் ஒன்று வந்தால் கையைக் காட்டி ஏறிப் போய்விடலாம் என்ற நினைப்பு வந்தது. வெட்கப்படுகிறேன், ஆனால் வந்தது. எங்கே போவேன் என்றுகூட அதில் இல்லை. ஏறிப் போவது மட்டும்தான் இருந்தது.

உள்ளேயிருந்து அவர் கேட்டார். "வழுக்கிருச்சா?"

"ஆமா மாமா."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கும் ஒரு தடவ வழுக்கிச்சு. கும்பல்வெல சந்தியில. ஒரு பொம்பள புள்ளயத் தூக்கிட்டு ரோட்டக் கடக்குறா. ஒரு சாண் இருக்கும். அன்னைக்கு வீட்டுக்கு வந்து நிறுத்தினவன்தான்."

"கண்ணு தெரியலன்னு சொன்னீங்களே."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் கேட்டப்ப ஏன் மாத்த வேணாம்னீங்க? ரெண்டு பேரும் இன்னைக்குப் போயிருப்போம் மாமா."

"மாத்தி, அது சரியாப் போச்சுன்னா..." என்று தொடங்கி நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "சரியாப் போச்சுன்னா, அப்ப குத்தம் ரப்பர்லதான். என் கால்ல இல்ல. ஒரு ரப்பருக்காகவா நான் காரை விட்டேன்னு ஆயிரும்ல."

அவர் சொன்னதால் என் வாயும் திறந்துகொண்டது.

"எனக்குக் கல்வி ஆபீஸ்ல இருந்து கடிதம் வந்திருக்கு. ஸ்கூல் தொறக்குற அன்னைக்குப் போகாட்டி வேல இல்ல."

"எப்ப வந்துச்சு?"

"மூனு வாரம் ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன மாமா செய்வீங்க?"

நான் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

முக்கால் மணி நேரமாவது அப்படி நின்றிருப்பேன். பக்கத்துத் தோட்டத்தின் டிராக்டர் ஒன்று வேறு டிவிசனுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர், தலையில் பொலித்தீன் போர்த்தியபடி டிராக்டரின் பின்பெட்டியில் நின்றிருந்தார்கள். இரண்டு ஆண்கள் குதித்து வந்து பார்த்தார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்து, "இது நம்ம பழைய பெரிய கிளாக்கர் ஐயால்ல" என்றாள். யாரிடமும் கேட்காமல் என் சீட்டில் முழங்காலை ஊன்றி ஏறி, அவரை அக்குளில் பிடித்துத் தூக்கினாள்.

"ஐயா, என் கழுத்தப் புடிச்சுக்குங்க. நல்லாப் புடிங்க. கூச்சப்படாதீங்க."

அவர் பிடித்துக்கொண்டார். வெளியே நின்ற ஆண்கள் தோளில் வாங்கி, டிராக்டரின் இருக்கையில் உட்கார வைத்துக் குடை பிடித்தார்கள். கம்பிக் கயிறு போட்டுக் காரை இழுத்ததில் முன்பக்கத் தகடு நசுங்கி வந்தது. ஆனால் சக்கரம் சுற்றியது, எஞ்சினும் பிடித்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது, "பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் பதியணும், வாறோங்க" என்று பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். தகட்டின் விளிம்பு உள்ளங்காலில் குத்தியது, இரும்பு சில்லென்று இருந்தது. ஆனால் கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்டரை. அவருடைய மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். அது நியாயம்தான். பிற்பகலில் ஒன்று காலியாகும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நனைந்த சேலையோடு அசையாமல் இருந்தேன்.

மறுநாள் காலை, அவரிடம் கேட்காமலே காரின் கதவைத் திறந்து, முழங்காலில் நின்று, தலையை உள்ளே விட்டேன். போன் வெளிச்சத்தில் பெடல்களைப் பார்த்தேன். காலால் மட்டுமே தெரிந்த பொருளைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிரேக் ரப்பரின் பின்பக்க மடிப்பு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. நுனியைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கிளச் ரப்பர் சும்மாவே கழன்றது. இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன்.

உதிரிப்பாகக் கடையில் இருந்த முஸ்லிம் பெரியவர் பழைய ரப்பர்களை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொண்டுவந்தது நல்லம் தங்கச்சி. கார்ட பேர மட்டும் சொன்னா சைஸ் பிழைச்சிரும்." உள்ளே அலமாரித் தட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து இரண்டாக மடக்கிப் பார்த்தார். மடித்த இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் தெரிந்தன. "இது ராக்கையில கெடந்து காஞ்சது. வாணாம்." வேறு இரண்டு எடுத்து வந்தார். "யாரு மாட்டுறது?"

"நான்தான்."

"ஏலும். சுடுதண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வைங்க, இந்தக் குளிருக்கு ரப்பர் மசியாது. எண்ண, கிரீஸ் ஒன்டும் பூச வாணாம். ஈசியா ஏறும்தான், பொறகு அதே ரப்பர் கால் வச்சா சுத்தும். மாட்டினப் பொறகு பின்னால நாலு பக்கமும் விரல விட்டுப் பாருங்க. ஒரு மூல உக்காராட்டியும் கழன்டுரும்."

வீட்டுக்கு வந்து தகட்டில் இருந்த துருவையும் காய்ந்த சேற்றையும் பழைய பல் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்தேன். சுடுதண்ணீரில் ஊறிய ரப்பரின் மேல் ஓரத்தைத் தகட்டில் கொளுவிக் கீழே இழுத்தேன். ஏறவில்லை. மூன்று தடவை வழுக்கி விழுந்தது. கழுத்து ஸ்டியரிங்கில் இடித்தது. நகம் ஒன்று சதையோடு மடங்கியது. மொட்டை ஸ்குரூ டிரைவரை மடிப்புக்குள் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி வந்தபோது, கடைசி மூலை சட்டென்று உட்கார்ந்தது. விரலை விட்டுச் சுற்றித் தடவினேன். ஒரு இடத்தில் மடிப்பு இரட்டையாகச் சுருண்டிருந்தது. கழற்றாமல் அதை நிமிர்த்துவதற்கு இன்னொரு பத்து நிமிடம். கிளச் சீக்கிரம் முடிந்தது. இரண்டையும் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. எக்சிலேட்டர் ரப்பரில் வரிகள் இன்னும் இருந்தன, அதை விட்டுவிட்டேன்.

நிமிர்ந்தபோது மாமா வாசலில் நின்றிருந்தார். சனிக்கிழமைகளில் எழும்பாதவர், கம்பை ஊன்றிக்கொண்டு அவ்வளவு தூரம் தனியாக வந்திருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் தள்ளு. நான் உக்காந்து பாக்குறேன்" என்றார்.

ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தேன். வீங்கிய வெறுங்காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்தார். அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். காலை வேண்டுமென்றே வலப்பக்கமாக இழுத்துப் பார்த்தார். அது நகரவில்லை.

"வழுக்கல" என்றார்.

பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். சாவியைக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே அடுப்பில் சோறு இருந்தது, அது குழைந்துவிடும் என்று தெரிந்தும் போகவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும்.

"என்னை எறக்கி விடும்மா" என்றார் கடைசியில்.

டிசம்பரில் அவராகவே ஓர் ஏற்பாடு செய்தார். மேல் தோட்டத்தில் இதே நோய்க்காரர் ஒருவர் முச்சக்கர வண்டியில் பதுளைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து போகிறேன், நீ ஸ்கூலுக்கு ஆயத்தமாகு என்றார். இரண்டு வாரம் போனார். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிப் படியில் தலை சுற்றி விழுந்து நெற்றியில் ஆறு தையல். செய்தி வந்தபோது நான் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கணவருக்குப் போன் செய்து, "நீங்க வாங்க, இல்லாட்டி ஆள் வைங்க" என்று முதல் தடவையாகக் குரலை உயர்த்திச் சொன்னேன். லீவு கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார், கிடைக்கவில்லை. ஆள் தேடினோம். வந்த ஒருவர் நாலு நாளில் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் ரோட்டோரமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாலிஎலயில் ரோட்டைக் கடக்க ஒரு கூட்டம் நின்றது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். அவர்கள் கடந்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.

"இன்னைக்குத்தான?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. பின்னால் ஒரு வேன்காரன் ஹோர்ன் அடித்தான். நான் கியரைப் போட்டேன்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தார். நான் ஓட்டுவதைப் பற்றி அந்தப் பதினாலு மாதத்தில் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த மாதமே வேலைக்கு மறுபடி விண்ணப்பித்தேன். புதிதாக நியமனம் பெறும் வயதெல்லையை நான் தாண்டிவிட்டதாகப் பதில் வந்தது. இப்போது பண்டாரவளையில் ஒரு வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்து, பிற்பகல்களில் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுக்கிறேன். பன்னிரண்டு பேர் வருகிறார்கள். காலை வேளைகள் முழுவதும் எனக்குச் சும்மா கிடக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.